மூன்று ஊசிக்குப் பிறகு

இஞ்சாருங்கோ,

'அன்புள்ள' எண்டு எழுத மனம் வரேல்லை. சத்தி எடுக்கிறது நிண்டிட்டுது, சோறு இறங்குது. பிள்ளை வயித்திலை நல்லாத் துடிக்குது. கண்ணிலை மஞ்சள் மட்டும் இன்னும் கிடக்கு.

நேற்று கொழும்பிலை இருந்து போனிலை, "நீர் நேர்ஸ்தானே, மஞ்சட்காமாலை ஊசி போட்டிருப்பீர் எண்டு நினைச்சன்" எண்டு சொன்னியள். ஓம், படிக்கேக்கை மூண்டு ஊசியும் போட்டனான். நூறு பேருக்குப் போட்டா அஞ்சாறு பேரின்ரை உடம்பிலை எதிர்ப்புச் சக்தி வராதாம். இரத்தம் சோதிச்சாத்தான் ஆரெண்டு தெரியுமாம். நான் அந்த அஞ்சாறிலை ஒருத்தி. அதுக்கு எனக்கு ஆரோடையும் கோபமில்லை.

ஆனா கலியாணப் பத்திரம் தேடேக்கை உங்கடை பைலுக்கை ஒரு றிப்போட் கிடந்தது. புருசனிட்டையிருந்து பெண்சாதிக்குத் தொத்துற அந்த மஞ்சட்காமாலைக் கிருமி உங்கடை இரத்தத்திலை இருக்கெண்டு, கலியாணத்துக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னமே எழுதியிருக்கு.

பொருத்தம் பாக்கேக்கை உங்கடை அம்மா என்ரை குறிப்பைப் பண்டத்தரிப்பிலையும் நெல்லியடியிலையும் சாத்திரிமாரிட்டைக் காட்டி, எனக்குச் செவ்வாய் இல்லையெண்டு ரெண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினவ. நீங்கள் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனீங்கள்.

அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் என்ரை இரத்தத்தைச் சோதிச்சு, திரும்பவும் ஊசி போட்டிருப்பன். பிறகும் உங்களைத்தான் கட்டியிருப்பன்.

பிள்ளைக்குப் பிறந்த உடனேயே ஊசி போடுவினம். ஒரு வருசத்தாலை இரத்தம் சோதிச்சு, ஊசி வேலை செய்ததோ எண்டு சொல்லுவினம். அந்த றிப்போட்டையும் அதே பைலுக்கை வைக்கிறன். நான் சொல்லமாட்டன். நீங்களாத் தேடி எடுத்துப் பாருங்கோ.

இப்படிக்கு,
உங்கடை பிள்ளையின்ரை தாய்