நல்ல நாள் பார்த்துத் தொடங்கிய மாத்திரை

மாமா,

நேற்று டாக்டர் எனக்கும் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். "உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் வெளியேத்துற மாத்திரைம்மா. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், பயந்துடாதீங்க" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயந்தது அவர்தான். இந்த மாத்திரையால்தான் எனக்கு நல்ல வாழ்க்கை அமைந்தது என்று அந்தச் சின்ன வயசு டாக்டரிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நீங்கள், அத்தை, உங்கள் பிள்ளை மூன்று பேரும் ஸ்ரீரங்கத்திலிருந்து தொட்டியத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். திருச்சி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பல நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தீர்களாம், தொடங்குவதற்கு ஒரு நல்ல நாள் வரட்டும் என்று. பெண் பார்க்கப் போகும் நாளைவிட நல்ல நாள் கிடைக்குமா? காலைக் காபியோடு முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, திருச்சியில் பஸ் ஏறியிருக்கிறீர்கள். முசிறியில் இறங்கி ஓடியவருக்காகக் கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே நின்றாராம். பிற்பாடு நீங்களே இதைச் சொல்லச் சொல்ல நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் அன்று எனக்குச் சிரிப்பே வரவில்லை. அடுப்பங்கரைப் புகை பட்டுப் புடவையில் ஏறக்கூடாது என்று அம்மா என்னைக் கிணற்றடித் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் டீச்சர். அந்த வேலை எனக்கு உயிர். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடுவேன் என்று அப்பா உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கூடத்துக்குப் போனாலும் எனக்கு வாய் ஏது? கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே வர வேண்டியதுதான்.

அப்போது நீங்கள் வேகமாக வந்தீர்கள். "கொல்லைக்கு எப்படிம்மா போறது?" தென்னை மரத்துப் பக்கம் கையைக் காட்டினேன். திரும்பி வந்தவருக்குக் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கக்கூட மாட்டீர்கள், மறுபடியும் வந்தீர்கள். அதற்குப் பிறகும் வந்தீர்கள். கூடத்தில் அப்பா கவலையோடு கேட்டார். "கேசரியில ஏதாவது குறைங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உடம்புக்கு முடியலீங்களா? கஷாயம் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "பிரஷர் மாத்திரைம்மா. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன். எங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா உப்பு நார்த்தங்காயை நிறுத்திப்புடுவா. ஆமா, நீ பொண்ணுக்குத் தங்கச்சியா?"

"நான்தாங்க பொண்ணு."

"அடக் கடவுளே!" என்று நீங்கள் விழித்த விழி இருக்கிறதே! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"நான் டீச்சர் வேலையை விட்டுடணுங்களா?"

"நீதானேம்மா விட்டுடறதா சொன்ன?"

"அப்பா சொன்னாங்க. நான் சொல்லலீங்க."

நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். வாய் திறந்தபடியே திரும்பிக் கொல்லைக் கோடிக்கு ஓடினீர்கள். நீங்கள் வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. வந்தவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். சரி, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

கூடத்தில் உங்கள் குரல் கணீரென்று கேட்டது. "பொண்ணு டீச்சர் வேலையை விடக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா இன்னைக்கே பூ வச்சிடலாம்."

அத்தை பதறினார். "பொண்ணை இன்னும் கூப்பிடவே இல்லீங்களே!"

"நான் பாத்துட்டேன்."

"எங்க?"

"கொல்லையில."

"ஓ, அதுக்குத்தான் ஓடி ஓடிப் போனீங்களா?"

"ஆமா" என்றீர்கள், மாத்திரை விஷயத்தை மறைத்துவிட்டு. அப்போது உங்கள் பிள்ளை சிரித்தார் பாருங்கள், கிணற்றடி வரை கேட்டது. முகம் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சிரிப்புக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உங்கள் குட்டு ரொம்ப நாள் நிற்கவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நீங்கள் கத்தப் போய் அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாத்திரை சத்தையும் சேர்த்து வெளியேற்றுகிறது, வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவுதான், தொட்டியத்திலிருந்து அப்பா பூவன் தாராக அனுப்ப ஆரம்பித்தார். நார்த்தங்காய் போனது போனதுதான். என்னைப் பார்க்க வந்த நாளில் தொடங்கிய மாத்திரையால்தானே என்று, அதற்கு மட்டும் என்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் எனக்கு வேலை தேடிக் கொடுத்ததும் நீங்கள்தான். மருமகள் சம்பளத்துக்குப் போவதா என்று முகத்தைத் தூக்கிய அத்தையிடம், "நான் பூ வச்சதே டீச்சருக்குத்தான்" என்றீர்கள். நீங்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் உங்களை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை மாமா, சிரிப்புதான் வருகிறது. அதில் எனக்குச் சந்தோஷம்.

ஓய்வு பெறும் நாள் வரை, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு எழுந்த ஒரு பிள்ளையைக்கூட நான் "உட்கார்" என்று சொன்னதில்லை. "உங்க கிளாஸ் என்ன, பஸ் ஸ்டாண்டா டீச்சர்?" என்று தலைமையாசிரியை கடிந்துகொண்டிருக்கிறார். சிரித்து மழுப்பிவிடுவேன். அடக்க முடியாமல் எழுந்து வந்த ஒருவரால்தான் நான் அந்தக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?