இரண்டால் பெருக்கி மூன்று கூட்டு

கொல்லைப்புற அறையை இன்று காலை இடித்துவிட்டார்கள். சுண்ணாம்புப் புழுதி சமையற்கட்டு வரைக்கும் வந்தது. உலையை மூடி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உன்னைப் பாடையில் எடுத்துக்கொண்டு போன அன்றுகூட வராத அழுகை, அந்த வாசனையில் வந்தது.

வீட்டுக்குத் தூரமான நாட்களில் நாம் உட்கார்ந்த அறை அது. நீ இந்த வீட்டுப் பெண். நான் உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நமக்குள் வயசு வித்தியாசம் அதிகமில்லை. அங்கே போய்விட்டால் மூன்று நாளைக்கு யாரும் வேலை ஏவமாட்டார்கள். வேறு எங்கே நாம் படித்திருக்க முடியும்?

நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாய். மதராஸில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சேர நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று என் மாமா, உன் நைனா, வாக்குக் கொடுத்திருந்தார். தேறினால் படிப்பு, ஹாஸ்டல். தவறினால் பள்ளிப்பட்டில் இருந்த உன் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும்.

தேர்வில் கேட்டதோ புதுக்கணக்கு. நீ பள்ளியில் படித்தது பழையது. நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டு வரவுசெலவு எழுதி எண்ணோடு பழகியதுதான். தீட்டோடு புத்தகத்தைத் தொட நான் விடவில்லை, சரஸ்வதி அல்லவா. நிலைப்படிக்கு வெளியே நின்று நான் விரித்துப் பிடிப்பேன். நீ உள்ளே மண்தரையில் குச்சியால் போட்டுப் பார்ப்பாய்.

"இன்னா அண்ணி இது, எஃப் ஆஃப் எக்ஸுன்னு பேஜாரு பண்றான்?"

"எஃப்புன்றது உங்கம்மான்னு வச்சிக்க. நீ எதச் சொன்னாலும் ரெண்டால பெருக்கி, மேல மூணு கூட்டித்தான் மாமாகிட்ட சொல்வாங்க. ஒண்ணு சொன்னா?"

"அஞ்சு."

"அந்த அஞ்சையே திருப்பி அவங்க காதுல போட்டா?"

"பதிமூணு! அய்யோ அண்ணி, அம்மாவேதான்!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அத்தை உள்ளேயிருந்து, "தூரமா குந்திக்கினு இன்னாடி இளிப்பு?" என்றார்.

மூன்று நாள் போதவில்லை. அதே மாதத்தில், தூரமாகாமலே, ஆகிவிட்டதாகச் சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாய். எனக்குத் தெரியும். அந்த முறை புத்தகத்தை உன் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு கணக்காக உனக்குப் பிடிபட்டது. நீ தேறிவிடுவாய் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அத்தைக்கு வேறொன்று உறுதியாகியிருந்தது. "பொண்ணு ஒரே மாசத்துல ரெண்டு வாட்டி குந்துது. ஒடம்புல இன்னாமோ கோளாறு. கண்ணாலம் கட்டினா எல்லாம் சரியாப் பூடும்" என்று மாமாவிடம் சொன்னார். தேர்வுக்கு முன்பே முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

நீ உண்மையைச் சொன்னாய். "பொய்தான் நைனா. படிக்கத்தான் அப்டி குந்தினேன்."

"கண்ணாலம் வேணான்றதுக்கு இந்தப் பேச்சு பேசுது பாரு. எந்தப் பொண்ணாவது இதுல பொய் சொல்லுவாளா?" என்றார் அத்தை. மாமா தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். என்னைக் கேட்டார்கள், ஆமாம், பொய்தான் என்றேன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நடத்தும் நாடகம் என்றார்கள்.

திருவாலங்காட்டுக் கோயிலில் தாலி ஏறியது. எனக்கு அவ்வளவு பிரியமான சந்நிதியில் அன்று நான் கண்ணை மூடவே இல்லை.

உன்னை வண்டி ஏற்றும்போது என் காதோரம் கேட்டாய்: "அண்ணி, பரிட்சை அன்னிக்கு என் எடத்துல யாரு குந்துவாங்க?"

"யாரும் குந்தமாட்டாங்கம்மா. உன் நம்பரு போட்ட எடம். காலியாத்தான் இருக்கும்."

"அப்பச் சரி" என்றாய். வண்டி போய்விட்டது.

பள்ளிப்பட்டில் குடும்பம் நடத்தினாய், பிள்ளைகளைப் பெற்றாய். அந்தத் தேர்வைப் பற்றி அப்புறம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இன்றும் சந்நிதியில் கண்ணை மூடினால், நான் பார்த்தேயிராத ஒரு பெரிய கூடம் தெரிகிறது. எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள். நடுவே ஒரு இடம் காலி. எனக்கென்று வேண்டிக்கொள்ள வந்ததை மறந்து, அந்த இடத்தைத்தான் சாமிக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.