இந்திரகுமாரின் மூன்றாவது கை

எட்டாம் நம்பர் லயம், கீழ் டிவிசன்,
கேகாலை.
06.10.2024

அடி என் மருமகளே கலா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சுகமெல்லாம் பிறகு விசாரிக்கலாம். நீ ஏரியில் படகில் உட்கார்ந்து சிரித்த படம் ஒன்று அனுப்பினாயே, அதை மாவனல்லையில் நுஹாவின் போட்டோக் கடையில் கொடுத்து, உன் பக்கத்தில் என் மகன் இந்திரகுமாரை ஏற்றிவிட்டேன். விசா இல்லாமல், டிக்கெட் இல்லாமல் பையன் ருமேனியா போய்ச் சேர்ந்துவிட்டான்.

கூட்டாளி கல்யாணத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம்தான் அவனுடையதில் நல்லதாக இருந்தது. நிற்கிறவனை எப்படி உட்கார வைப்பது என்று கேட்டேன். "இடுப்புக்குக் கீழ படகு மறைக்கும் மாமி, பயப்படாதீங்க" என்றாள் நுஹா. கெட்டிக்காரி. பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன் அப்பா வந்து பார்த்தார். என் அண்ணனுக்கு அதிகம் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். "படகு நல்லாருக்கு" என்றார்.

அடுத்த வீட்டுக் கருப்பாயி வந்தாள், பார்த்தாள், எண்ணினாள்.

"ஏன்டி மருதாயி, ஒம் மகனுக்கு மூணு கையா? ரெண்டக் கட்டிக்கிட்டு ஒன்ன கலா தோள்ல போட்டிருக்கான்."

நான் விடுவேனா? "அஞ்சு கை புள்ளையாரக் கும்பிடுறவளுக்கு மூணு கை பெருசாத் தெரியுதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அவள் போனதும் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். உண்மைதான். உன் தோளில் ஒரு கை இருக்கிறது. தடித்த மணிக்கட்டு, பெரிய கறுப்புக் கடிகாரம். அந்தக் கைக்கு உரிய ஆளை நீ வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். கையை வெட்ட மறந்துவிட்டாய்.

யாருடைய கையடி அது?

போனில் கேட்கலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். லயத்து வரிசை வீடு அத்தனையும் உட்கார்ந்து கேட்கிறது. அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு பேனாவோடு மல்லுக்கட்டுகிறேன். நுஹா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நீ எழுதுவதைப் பிரின்ட் எடுத்துத் தருவாள். "நான் படிக்க மாட்டன் மாமி" என்கிறாள். படித்தாளா இல்லையா என்று அவள் முகத்தில் எழுதியிருக்கும், அதையும் நான் படித்துக்கொள்வேன்.

இங்கே விடிந்தால் மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேரும் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. மார்கழியில் உனக்கு அங்கே ஒப்பந்தம் முடிகிறது. தையில் கல்யாணம். கோயிலில் நாள் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

கையை மறக்காதே.

உன் வாய்க்காரி அத்தை,
மருதாயி

*

புக்கரெஸ்ட்.
20.10.2024

அன்பான அத்தைக்கு,

கடிதத்தை ட்ராமில் படித்துச் சிரித்தேன். எதிரே இருந்த அம்மா தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இங்கே தனியாகச் சிரித்தால் அப்படித்தான்.

நான் சுகம். வேலை அதேதான். ஹோட்டல் சலவைப் பகுதியில் காலை முழுக்கப் படுக்கை விரிப்பு இஸ்திரி. ஆவியில் நின்று நின்று முகம் இட்லி மாதிரி ஆகிவிட்டது. குளிர் தொடங்கிவிட்டது. மரமெல்லாம் மஞ்சள். பூங்காவில் வயதானவர்கள் தாயம் மாதிரி ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள், காய் வைக்கிற சத்தம் தெருவரை கேட்கும். நானும் பழகிவிட்டேன். போன வாரம் ஒரு பெரியவரை வென்றேன், அவர் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து என்னைத் தோற்கடித்தார். வளையல் மாதிரி ஒரு ரொட்டி விற்கிறார்கள், மேலே எள்ளு. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பவும் கற்றுக்கொண்டேன். நீங்கள் வெற்றிலை துப்புகிற தூரம் இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கவே முடிவதில்லை அத்தை. மற்ற மூன்று பேரும் தூங்குவார்கள். நான் ஏதாவது ஒரு ட்ராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவேன், இறங்கி நிற்பேன், திரும்பி வருவேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அப்பாவுக்கு இருமல் எப்படி? சுவெட்டர் அனுப்பவா? இந்திரகுமார் மச்சானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் விரல் விறைக்க எழுதும்,
கலா

*

கேகாலை.
10.11.2024

மருமகளே,

இட்லி எழுதினாய், எள்ளு எழுதினாய், தொப்பி எழுதினாய். கை எங்கே?

உன் மச்சானைக் கேட்டதாகச் சொன்னேன். அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். மாவனல்லை முதலாளியின் லாரிக்கு வாரத்தில் பாதி நாள் சாலையில் வேலை, பழுதாகிப் பாதி நாள் அவன் முதுகில் வேலை. "ம்" என்றான். மூன்று கை இருந்தும் ஒரு வாய் சரியாக வேலை செய்யவில்லை. படத்தைக் கழற்றச் சொல்கிறான். டிரைவர் பயல்கள் எல்லாம் "மூணு கை அண்ணே, ஒரு கை குடுங்க" என்று சாமான் ஏற்றக் கூப்பிடுகிறார்களாம். நான் கழற்றவில்லை.

உன் அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார். பேச்சில்தான் அவர் கஞ்சன், சுண்ணாம்பில் இல்லை. கூரைத் தகரத்துக்கும் அடித்துவிடுவார் போல. கோயிலில் தை இருபதுக்கு மேல் நல்ல நாள் இருக்கிறது என்றார்கள்.

கொஞ்சம் கிண்டலை ஓரத்தில் வைத்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு வரிதான் தாங்கும், பொறு. நீ பெரிய பிள்ளையானபோது உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கை இது. அன்றைக்கே எல்லார் முன்னாலும் "இவ என் வீட்டுக்குத்தான்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் யார்தான் சிரிக்க மாட்டார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு நாளாக யோசித்து, ரப்பர் மரத்துக்கு வைக்க வேண்டிய சிரட்டையை வேலிக் கம்புக்கு வைத்துவிட்டு வந்தேன். கங்காணி இன்னும் சிரிக்கிறார்.

யாராவது இருந்தால் சொல். வெள்ளைக்காரனா? நேப்பாளியா? நம்ம ஊர்ச் சிங்களப் பையனா? திட்டுவேன். திட்டி முடித்துவிடுவேன். எதுவும் தெரியாமல் திட்டுவதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

அத்தை

*

புக்கரெஸ்ட்.
01.12.2024

அத்தை,

அது டொரினாவின் கை. என்னோடு சலவையில் வேலை செய்கிற பெண். சின்ன வயதில் நீச்சல் போட்டிக்குப் போனவள், அதனால் கை அப்படி. கடிகாரம் அவள் தம்பியுடையது. மற்றக் கையில் பியர் டின் இருந்தது. அப்பா பார்த்தால் வேறு மாதிரி நினைப்பார் என்றுதான் வெட்டினேன். அவ்வளவுதான் கதை.

யாரும் இல்லை அத்தை. யாராவது இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்வது லேசு. நீங்கள் திட்டுவீர்கள், நான் அழுவேன், மச்சானுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். எவரும் இல்லாமல் "எனக்கு வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? மச்சான் நல்லவர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தை என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்று நாலு ட்ராம் மாறினேன். கடைசியில் இறங்கியது எந்த இடம் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு நாய் இருந்தது, ஒரு டயர் கடை இருந்தது.

இங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டுவிடாதீர்கள். இஸ்திரி மேற்பார்வைக்காரி பொல்லாதவள். குளிரில் காது வலிக்கிறது. பல நாள் பேச ஆள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். ஊரில் நமக்கு ஞாயிறு என்றால் விறகு, துணி, தண்ணீர். மழையில் வெட்டு நின்றால்கூட அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். சும்மா இருப்பதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. எனக்கும் சும்மா இருக்க வரவில்லை. அது எப்படி என்று இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே சுற்றிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பெரிய விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் போன கடிதம் வருவதற்கு முன்னமே. அப்பாவிடம் சொல்ல போனை எடுத்தேன், "சுண்ணாம்பு ரெண்டாவது பூச்சு முடிஞ்சுது" என்றார். வைத்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள் அத்தை. உங்களுக்குத்தான் எதையும் சொல்லத் தெரியும்.

கலா

*

புக்கரெஸ்ட்.
12.01.2025

அத்தை,

பதில் இல்லை. நுஹாவிடம் கேட்டேன், "மாமி கடப் பக்கமே வரல்ல தாத்தா" என்கிறாள். அக்கா என்பதற்கு அவள் வாயில் தாத்தாதான். அப்பா போனில் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்கிறார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்றுகூடத் தெரியவில்லை.

திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் கிண்டல் செய்யாத வீட்டை எனக்கு நினைக்கத் தெரியவில்லை. பனி விழுகிறது. பூங்காவில் ஏரி உறைந்துவிட்டது, படகையெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

பொங்கல் வாழ்த்து. உங்களுக்கு ஒரு கைக்கடிகாரம் பார்சலில் வருகிறது.

கலா

*

கேகாலை.
16.02.2025

மருமகளே,

இந்த வார்த்தையை எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டிவிட்டு யோசித்தேன். அண்ணன் மகளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அதனால் புதுத் தாளில் மறுபடி எழுதினேன். பேப்பர் நட்டம் உன் பேரில்.

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். இல்லை என்று சொன்னால் நுஹாவே நம்ப மாட்டாள். மாவனல்லை பஸ்ஸில் ஏறுவதும், பாதியில் இறங்கி நடந்து திரும்புவதுமாக இருந்தேன். கண்டக்டர் பையன், "அக்கே, கொஹேத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வது? உன் ட்ராம் நினைவு வந்தது. டயர் கடையும் வந்தது, நாயும் வந்தது.

உன் அப்பாவிடம் மார்கழியிலேயே சொல்லிவிட்டேன். தூரிகையைக் கீழே வைத்தார். "அப்ப மூணாவது பூச்சு வேணாம்" என்றார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, "பிள்ளைக்கு அங்க காது வலிக்குமே" என்றார். அவர் "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார். நீ பதில் சொல்லும்போது காதுக்கும் சேர்த்துச் சொல்.

பிறகு என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "தம்பி, கலா வர மாட்டா. நீ என்னப்பா சொல்ற? ஒனக்கு அவளக் கட்ட விருப்பம் இருந்துச்சா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"இப்பதான்மா கேக்குறீங்க" என்றான்.

 அன்றைக்குச் சோறு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். பெற்றவளுக்கு அது போதும்.

உண்மையைச் சொன்னால், கல்யாணம் அவனுக்கு, மருமகள் எனக்கு என்று வைத்திருந்தேன். இந்த வீட்டில் நான் ஒன்று சொன்னால் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. அவன் "ம்" என்பான், அண்ணன் அதுவும் சொல்ல மாட்டார். நீ இருந்தால் வாய்க்கு வாய் கொடுப்பாய். அதற்காக ஒரு பிள்ளையைத் தாலி கட்டிக் கூட்டி வர நினைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு வருடம் இரு. நாலு வருடம் இரு. கடிதத்தில் மட்டும் வாய் குறையக் கூடாது. கோயிலில் நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

படத்தைக் கழற்றினேன். உன்னையும் அந்த டொரினா கையையும் மட்டும் வைத்துப் புதிதாக அடித்துத் தரச் சொன்னேன். "மச்சான எங்க போடுற மாமி?" என்றாள் நுஹா. "லாரியில போடு" என்றேன்.

ரப்பர் இலை கொட்டும் காலம். வெட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நீ எழுதினாயே, சும்மா இருக்கத் தெரியாது என்று. நாங்களும் கற்றுக்கொள்ளலாம் என்று, போன ஞாயிறு லயத்து ஆட்கள் வேன் பிடித்து நுவரெலியா போனோம். விறகு இல்லை, துணி இல்லை. உன் அப்பா வேனில் ஏறும்போது பால் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார், பழக்கம். அங்கே ஏரியில் அன்னப்பறவை மாதிரி படகு இருக்கிறது, காலால் மிதிக்க வேண்டும். "அண்ணே, கலா மாதிரி நாமளும் ஒரு படம் எடுப்போம்" என்றேன். அவர் போய் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்திரகுமார் கரையில் போனைப் பிடித்து நின்றான்.

நீ அனுப்பிய கடிகாரம் படத்தில் தெரியட்டும் என்று, படகில் ஏறுகிற பலகையில் நின்றபடியே கையை உயர்த்தினேன். பலகை ஈரம்.

படம் இத்துடன் வருகிறது. அன்னம் நன்றாக விழுந்திருக்கிறது. உன் அப்பா நன்றாக விழுந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு கை மட்டும் இருக்கிறது. யாருடையது என்று கருப்பாயி கேட்டாள். சொன்னேன். கடிகாரம் ஓடுகிறது. என் செருப்பு ஒன்று ஏரியில் இருக்கிறது.

அத்தை மருதாயி