செலினோட போன் வீடு

மலை சரிஞ்சு நோர்வூட் ரோடு மூடிக் கெடந்ததுக்கு அடுத்த வருசம், மாசி மாசம், வெள்ளிக்கிழமை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்குது.

என் மக செலின், போன் வெளையாட்டுல குலுக்கல்ல ஒரு வீடு வாங்கி வச்சிருந்தா. டிக்கோயா ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்துக்கிட்டு ஒரு மாசம் அந்தப் பக்கம் போகல. அத்தனை நாள் வராட்டி அதான் சட்டம்னு, வெளையாட்டு நடத்துறவங்க வீட்டை இடிச்சு, எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். அவனுக்கு ஏற்கனவே மூணு வீடு இருக்காம்.

"இல்லாத ஊருதானே, இன்னும் கொஞ்சம் நெலம் போட்டா என்ன?"ன்னு கேட்டேன்.

"எல்லாருக்கும் குடுத்தா வீட்டுக்கு மவுசு இருக்காதாம்ப்பா. விடுங்க, லயத்து ஒத்தை ரூமுல பொறந்த ராசி"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. என்னாலதானே போச்சு.

எங்க தேயிலைத் தோட்டத்துலயும், செலின் பொறக்குறதுக்கு முன்ன, இப்படித்தான் சீட்டுக் குலுக்கிப் பத்து வீடு குடுத்தாங்க. எங்களை வேலை வாங்குற கண்டாக்கோட சொந்தக்காரங்களுக்கே ரெண்டு போச்சு. அன்னைக்கு வெறுஞ்சீட்டு எடுத்து லயத்துக்குத் திரும்பினவங்கள்ல, என்னைத் தவிர இப்ப உயிரோட இருக்கிறது மேட்டு லயத்துச் சின்னத்தாயி மட்டுந்தான்.