அண்ணனுக்காக இளைத்தேன்

ஜனவரி 16, செவ்வாய்

டாக்டர் நெவென்கா இன்று என்னைத் தராசில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

“ரத்தம் பொருந்துது. சிறுநீரகம் ரெண்டும் தங்கம், அண்ணனுக்கு ஒண்ணு தாராளமா தரலாம். ஆனா இந்த எடையில உங்க மேல கத்தி வைக்க மாட்டேன், ரத்மிலா. குறைச்சுட்டு வாங்க.”

அண்ணன் விதோயே வெளியே பெஞ்சில் காத்திருந்தான். வாரத்தில் பாதி நாள் ரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு கிடந்து முகம் மெழுகாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கிறான்!

“ஐம்பது வருஷமா வாயக் கட்டுடின்னு சொல்றேன். நீ கேக்கறதுக்கு நான் சாகக் கிடக்கணுமா?”

வீட்டுக்கு வரும்வரை கோபம். வந்ததும் அழுகை. அழுது முடித்ததும் பசி. அதுதான் கேவலம்.

ஜனவரி 17

புரெக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு இளைப்பதா? திஹோமிர் விடியுமுன்பே மாவை இழுத்து, கொழுப்பைத் தடவி, இறைச்சியை வைத்துச் சுட்டு, முதல் துண்டை எனக்குத்தான் கொண்டுவருவான். கல்யாணமான நாள்முதல் இதுதான் வழக்கம். இன்று வேண்டாம் என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஜனவரி 29

நிஷாவா ஆற்றங்கரையில் நடை. ஒரு கிழவரும் அவருடைய நாயும் என்னை முந்திப் போனார்கள். நாய்க்கு மூன்று கால்தான்.

பிப்ரவரி 11

சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு விதோயேயின் போன் வந்துவிடுகிறது.

“என்னடி, ஏதோ மெல்லுற சத்தம் கேக்குது?”

“முள்ளங்கி.”

“முள்ளங்கி இப்படியா நொறுங்கும்? என் சிறுநீரகத்துக்கு எண்ணெய் ஊத்தாத!”

“அது இன்னும் என்னுதுதான் அண்ணே!”

“வச்சிருக்கிறதுதான் நீ. சொத்து என்னுது.”

போனை வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கு வறுவல்தான். ஆனால் கொஞ்சம்தான்.

மார்ச் 4

முள் அசையவில்லை. நடக்கிறேன், வேலை பார்க்கிற தபால் ஆபீசில் லிஃப்ட்டைத் தொடுவதே இல்லை, ராத்திரிக்கு வெறும் காய்கறி சூப். அதையும் திஹோமிரே செய்து தருகிறான், பாவம். காற்றைக் குடித்தாலும் பருக்கிற ஜென்மமா நான்?

அண்ணனுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. போனில் கேலி குறைந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19

பிடித்துவிட்டேன்!

வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அடுக்களையில் திஹோமிர், என் சூப் பானைக்குள் பன்றிக் கொழுப்பை அள்ளி அள்ளி — ஐயோ!

“என்னய்யா பண்ற?”

“ருசிக்கு...” என்று இழுத்தான். பிறகு கரண்டியைக் கீழே போட்டான். “நீ குண்டா இருக்கிற வரைக்கும் அவங்க கத்தி வைக்க மாட்டாங்கல்ல, மிலா? உங்கண்ணன் பொழைக்கணும், சரி. மேசையிலயே உனக்கு ஏதாவது ஆயிட்டா? எனக்கு யாரு இருக்கா?”

மலை மாதிரி ஆள், மீசையெல்லாம் மாவு, தேம்பித் தேம்பி அழுகிறான். திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா? இரண்டையும் செய்தேன். முதலில் திட்டு.

மார்ச் 21

அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். முழிக்காமலே போய்விட்டால், தையல் பிரிந்துவிட்டால், மின்சாரம் நின்றுவிட்டால் என்று கேள்வி மேல் கேள்வி.

“ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். “ரொம்பக் குறைவு. எடை குறைஞ்சா இன்னும் குறைவு.”

வெளியே வந்ததும் திஹோமிர் சொன்னான்: “அப்போ நடந்தே ஆகணும்.”

“யாரு?”

“ரெண்டு பேரும்.”

மே 8

ஒரே சாலட், ஒரே மீன், ஒரே நடை. அவனுக்குக் கால்சட்டை நழுவுகிறது. எனக்கு மோதிரம் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

கடையில், “உன் புரெக்க நீயே திங்க மாட்டியாமே, அதுல என்ன போடுற?” என்று கேட்கிறார்களாம்.

ஜூலை 2

தராசில் ஏறினேன். டாக்டர் தலையாட்டினார். நாள் குறித்தாயிற்று.

விதோயே என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தாங்க முடியவில்லை.

“ஏதாவது சொல்லேன் அண்ணே.”

“எலும்பும் தோலுமா ஆயிட்டடி” என்றான். பச்சைப் பொய்.

ஜூலை 23

நாளைக் காலை. பயமாக இருக்கிறது. திஹோமிரிடம் சொல்லவில்லை. அவனும் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 26

கையெழுத்து கோணல். இருமினால் உயிர் போகிறது. சிரிக்கவே கூடாது என்பது நர்ஸின் உத்தரவு.

மத்தியானம் பக்கத்து அறையிலிருந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி விதோயேயின் குரல்:

“மிலா! மூத்திரம் வந்துருச்சுடி! பை நெறய!”

ரெண்டு வருஷமாக ஒரு சொட்டு இல்லாதவன். வார்டில் கிடந்தவர்கள் கைதட்டினார்கள். திஹோமிர் பார்க்க ஓடினான். திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மஞ்சளா, அழகா இருக்கு” என்றான்.

சிரித்துவிட்டேன். தையல் சுரீர் என்றது. மறுபடியும் சிரித்தேன்.