பதினொரு முன் படங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் தங்கையும் நலம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு தடவை படித்துவிட்டுக் கிழித்துப் போடு, நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

உன் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். இரண்டு வருஷமாக உன் சிநேகிதிகளிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. நீ சொல்லி வைத்திருப்பாய். கடைசியில் எங்கள் நகராட்சி ஆபீஸ்தான் கொடுத்தது. தண்டனை பெற்றவர்கள் குடி மாறினால் தெரிவிக்க வேண்டுமாம், அதனால் உன் கேஸ் ஃபைலில் எல்லாம் இருந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாத விலாசம், நான் தினமும் கையெழுத்துப் போடும் மேஜைக்குப் பின்னால் இருந்த பீரோவில் இருந்திருக்கிறது. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, எனக்கு என்னவோ பெரிய உபகாரம் செய்வதுபோல நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ரோஷம் பார்த்தால் விலாசம் கிடைக்காதே.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அப்பா பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது என்னை ஓட்டுகிறார். அவருக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று, தூரத்துப் பெயர்ப் பலகையெல்லாம் படித்துக் காட்டிப் பெருமையடிக்கிறார். உன் தங்கை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கையெல்லாம் தோல் உரிந்து வந்து நிற்கிறாள். உன் கட்டிலில் அவள்தான் படுக்கிறாள். அடியில் இருந்த உன் ஸ்பிரே டப்பாக்களைப் போலீஸ் எடுத்துப் போனதோடு சரி, வேறு எதையும் நான் நகர்த்தவில்லை.

போன மாதம் நம் பேட்டையில் ‘சுவர் விழா’ நடந்தது. ஆமாம், சுவருக்கு விழா. நகராட்சியும் கடைக்காரர் சங்கமும் சேர்ந்து நடத்தினார்கள். தெருவோவியக் கலைஞர்களை ஊக்குவிக்கிறார்களாம். பஸ் டிப்போ சந்து முழுக்கப் பந்தல், ஒலிபெருக்கி, குழந்தைகளுக்கு அட்டை வெட்டி வர்ணம் அடிக்க ஒரு மூலை. சுவரைச் சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம், கழுத்தில் ஓர் அடையாள அட்டை. பத்து மணிக்கு விசில் ஊதினால் ஆரம்பிக்க வேண்டும், நாலு மணிக்கு விசில் ஊதினால் நிறுத்த வேண்டும். என்ன வரையலாம் என்பதற்குப் பட்டியல் வேறு. மரம், பறவை, சிரிக்கும் முகம். உன்னோடு சுற்றுவானே தொப்பிக்காரன், அவனும் வந்திருந்தான். கிளி வரைந்தான். என்னைக் கண்டதும் அந்தக் கிளிக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்குமா என்று பார்த்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிடிபடாமல் வரைய ஒரு நாள் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

இதற்கெல்லாம் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? நம் ‘ஸ்கேல்’. சட்டைப் பையில் ஆறங்குல ஸ்கேலோடு திரிந்துகொண்டு, நாங்கள் பூசிய இடத்தை அளந்து அளந்து உயிரை எடுத்த அதே சூப்பர்வைசர். இப்போது அவர் மக்கள் கலை அலுவலர். கிறுக்கலை அழிக்கும் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தவருக்கு இந்தப் பதவி உயர்வு. மேடையில் ஏறி, “இந்தக் கலையை நாங்க பல வருஷமா பாதுகாத்து வந்திருக்கோம்”னு பேசினார். என் பக்கத்தில் நின்ற சீட்டி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த டீ வெளியே வந்துவிட்டது. சீட்டியை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கோஷ்டியில் சீட்டியடித்துக்கொண்டே ரோலர் ஓட்டுவாளே, அவள்தான்.

பாதுகாத்ததற்குச் சாட்சியும் வைத்திருந்தார். பந்தலுக்குள் ஒரு கண்காட்சி. ஆள் உயரத்துக்குப் பதினொரு படங்கள். எல்லாம் நீ சுவரில் வரைந்தவை. கீழே ‘கலைஞர்: தெரியவில்லை. படம்: தூய்மைப் பிரிவு’ என்று அச்சடித்திருந்தது.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று உனக்குத் தெரிய வேண்டும். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. எந்தச் சுவரை அழித்தாலும் அழிப்பதற்கு முன்னால் ஒரு படம், அழித்த பின்னால் ஒரு படம் எடுத்துப் படிவத்தோடு இணைக்க வேண்டும். முன் படம், பின் படம் என்போம். வேலை நடந்ததற்கு அதுதான் அத்தாட்சி. யாரும் அதை மெனக்கெட்டு எடுக்கமாட்டார்கள். பாதிப் படத்தில் கட்டைவிரல் இருக்கும், பாதிப் படத்தில் வாளி இருக்கும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், உன்னுடைய முதல் சுவரைப் பார்க்கும்வரை.

மீன் சந்தைக்குப் பின்புறம் இருந்தது அது. ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள், இடது தோளில் பை, குதிகால் செருப்புக்கு வெளியே வழிந்திருக்கிறது. கையெழுத்து இல்லை, ஒன்றுமில்லை. நீ சின்ன வயதில் பால் கணக்கு நோட்டில் வரைந்த குதிரைக்கும் இப்படித்தான் கோடு நடுவில் நின்று நின்று போகும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சீட்டிதான், “அக்கா, இந்தப் பொம்பளை உங்களை மாதிரியே நிக்கிறா”ன்னாள். நான் வாளியைக் கலக்கிக்கொண்டே, “எல்லாப் பொம்பளையும் வேலை முடிஞ்சா இப்படித்தான் நிப்பா”ன்னேன்.

அழிக்காமல் விட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். விட்டால் அடுத்த கோஷ்டி அழிக்கும், எனக்கு மெமோ வரும். அழித்தேன். ஆனால் அதற்கு முன்னால் கேமராவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தேன். வெயில் சுவர்மேல் நேராக விழும்வரை காத்திருந்தேன். தெருவின் அந்தப் பக்கம் போய், முழுச் சுவரும் ஓரம் வெட்டாமல் விழும்படி எடுத்தேன். அப்புறம்தான் என் முதுகின்மேல் நானே சாம்பல் பெயிண்ட் பூசினேன். பதினொரு சுவரும் இப்படித்தான். நீ எங்கே வரைந்தாலும் அது எங்கள் வட்டாரத்துக்குள்தான் வந்தது, வேண்டுமென்றே அங்கே வரைந்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது.

படிவத்தில் வகை என்று ஓர் இடம் உண்டு. கிறுக்கல், கெட்ட வார்த்தை, விளம்பரம், மற்றவை. எல்லாரும் கிறுக்கல் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் உன்னுடையதற்கு மட்டும் மற்றவை என்று போட்டு, பக்கத்தில் ‘ஓவியம்’ என்று எழுதினேன். என் மகள் வரைந்ததைக் கிறுக்கல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொழுப்புத்தான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பிப் படிவத்தில் போய்ப் பெருமைப்பட்டேன்.

ஸ்கேல் படித்தார். ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் பதினொரு படங்களும் வரிசையாக இருந்தன, பக்கத்தில் போலீஸ்காரர். எல்லாம் ஒரே ஆள் செய்தது என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களில் இந்தப் பதினொன்றுதான் பளிச்சென்று இருந்ததாம், அதனால் சேர்த்துப் பார்த்தார்களாம். யார் வரைந்தது தெரியுமா என்று ஸ்கேல் கேட்டார். தெரியாது என்றேன். “தெரியாதவங்க வரைஞ்சதுக்கா இவ்வளவு பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தீங்க?”ன்னார். ஏதாவது ஒரு பொய், வெயில் நன்றாக இருந்தது சார் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மற்றது உனக்குத் தெரியும். நூறு மணி நேரம் சுவர் தேய்க்கும் தண்டனை. உன்னை வேறு கோஷ்டியில் போடச் சொல்லி ஸ்கேலிடம் கெஞ்சினேன். “அம்மாகிட்டயே கத்துக்கட்டும்”னு சிரித்தார். அதுவரை அழியாமல் மிச்சமிருந்த உன் பன்னிரண்டாவது சுவரை அழிக்க ரோலரை உன் கையில் கொடுத்தவள் நான்தான். நீ என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய். நூறு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “நீதானேம்மா காட்டிக்குடுத்தே”ன்னு கேட்டாய். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றாலும் பொய். நின்று விளக்க நீ நேரம் தரவில்லை, எனக்கும் அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, நாலு பக்கம் எழுதித்தான் எனக்கே சொல்ல வருகிறது.

விழாவுக்கு அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். புதுக் கண்ணோடு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மீன் சந்தைப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று, “யாரோ அந்தம்மா, ரொம்பக் களைச்சுப்போய் இருக்காங்க”ன்னார். முப்பது வருஷம் இந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். அதோடு விட்டாரா? அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். நான்தான் எடுத்தேன். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, சீட்டி வந்து என்னை அப்பால் இழுத்துக்கொண்டு போனாள்.

இனி ஆபீஸ் ஏன் உன் விலாசத்தைக் கொடுத்தது என்பது. கண்காட்சிக்கு நல்ல பேர். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து, இதை வரைந்தது யார் என்று கேட்கிறார்களாம். அடுத்த விழாவுக்கு டிப்போவின் பெரிய சுவரை முழுதாக உனக்கே தருகிறார்களாம். “நீங்க எழுதுங்கம்மா, நீங்க கூப்பிட்டா வராம போயிடுவாளா?”ன்னார் ஸ்கேல். உன்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும் அவருக்கு. நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தையும் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன், வைக்காவிட்டால் உன்னிடமிருந்து மறைத்தது போல ஆகிவிடும். மூன்றாவது வரியைப் படி. பொதுச் சொத்துக்கு முன்பு செய்த சேதத்துக்கு வருந்துகிறேன் என்று நீ எழுதித் தர வேண்டும். ஏழாவது வரியில், விழா முடிந்து தொண்ணூறு நாள் கழித்து அந்தச் சுவரைப் பழையபடி பூசிவிடுவார்கள் என்று இருக்கிறது.

பூசும் கோஷ்டி எது என்று வேலைப் பட்டியலை இப்போதே ஒட்டிவிட்டார்கள். எங்கள் கோஷ்டிதான். போய்ச் செய் என்றால் நான் செய்வேன். சம்பளம் வாங்குகிறேன், வேறு வேலை தெரியாது, இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. மாட்டேன் என்று கத்திவிட்டு வெளியேறும் தைரியம் எனக்கு இருந்ததில்லை, உனக்கும் அது தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். அந்தச் சுவருக்காக வந்துவிடாதே அம்மா. அவர்கள் கூப்பிட்டார்கள் என்று வராதே. பன்னிரண்டு தடவை ஆயிற்று, இன்னொரு தடவை என்னால் முடியாது.

வீட்டுக்கு வா என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வந்தால் கதவு திறந்திருக்கும். உன் தங்கை கீழே படுத்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன்.

இந்த உறைக்குள் இன்னோர் உறை வைத்திருக்கிறேன். ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது, விலாசம் எழுதவில்லை. எனக்குப் பதில் எழுத உனக்கு மனம் வராது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. நம் வீட்டு விலாசத்தை மட்டும் அதன்மேல் உன் கையால் எழுதித் தபாலில் போட்டுவிடு. உள்ளே ஒரு வரி கூட வைக்க வேண்டாம். வெறும் உறை வந்தால் போதும், நான் எடுத்து வைத்துக்கொள்வேன். அதை யாரும் என்னை அழிக்கச் சொல்ல முடியாது.

நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா