பாலில் மிதந்த எண்ணெய்

நலம் நிலைபெறுக. மழை பிழையாத மீன்துறை நாட்டை உடையவராய், அலைவாய்க் கோட்டையில் வீற்றிருந்தருளும் அரசியார் நங்கை ஆதிச்சியார் திருவாய் மலர்ந்தபடி, அவர்தம் இளவலும் கல்லாற்று நாடாளும் கோவரையருமான கோளரியார் திருமுன் வாசிக்க விடுத்த ஓலை. தங்கள் மலையில் மூங்கில் தழைப்பதாக. தங்கள் ஆற்றில் நீர் வற்றாதிருப்பதாக. இவ்வாழ்த்தில் ஒரு சொல்லும் குறைக்க வேண்டா என்றே அரசியார் கட்டளையிட்டார். பிறந்த மண் தமக்குப் பிழை ஒன்றும் செய்யவில்லை என்றார்.

இளவரசி கொற்றியின் மணத்துக்குத் தாய்மாமன் சீராகத் தாங்கள் விடுத்த, பொன்னில் பதிக்காத உதிரி மரகதங்கள் பட்டு முடிப்பில் வந்து சேர்ந்தன. கருவூலத்தார் நாட்டு முறைப்படி அவற்றைக் காலை வெயிலில் வெண்துணிமேல் பரப்பி, நிறமும் ஒளியும் எடையும் கண்டு மதிப்பிட வேண்டும் என்றனர். அரசியார் சினந்தார். தாய்வீட்டுச் சீரைத் தராசில் வைப்பவள் பெற்ற தாயையே தராசில் வைக்கிறாள் என்று சொல்லி, முடிப்பை அவிழ்க்கவும் விடவில்லை. மதிப்பிட அறியாதவரா அவர்? தந்தையாரின் அருகில் தங்களோடு அமர்ந்து கல் பார்க்கக் கற்றவர். தமக்கையின் கண்ணே கூரியது என்று தந்தையார் சொன்னதற்காகத் தாங்கள் உண்ணாமல் முரண்டு பிடித்த கதையை இவ்வரண்மனையில் அறியாதார் இல்லை. அந்தக் கண்ணைத் தம்பிக்காக அவரே மூடிக்கொண்டார். வெளுத்ததெல்லாம் பால் என்றிருந்தார்.

மணமகன் வீட்டாரான தென்கரை வேளிர், மருமகளுக்கு வந்த கற்களை வெதுவெதுப்பான பாலில் இட்டு வாழ்த்தி ஏற்கும் வழக்கமுடையோர். சுற்றத்தார் நிறைந்த மண்டபத்தில் மரகதங்கள் பாலில் இறங்கின. சற்று நேரத்தில் எண்ணெய்ப் பொட்டுகள் மேலே மிதந்தன. எடுத்துத் துடைத்தபோது பச்சை மங்கி, விரிசல்கள் வெள்ளைக் கோடுகளாய்த் தெரிந்தன. வெடித்த கல்லை எண்ணெயில் ஊறவைத்தால் விரிசல் மறையும் என்பது கல் விற்கும் கள்ளர் அறிந்த வித்தை. மாமன் சீரில் அதைக் கண்டார் எவருமில்லை. மணமகனின் தாயார் தம் மேலாடையால் கிண்ணத்தை மூடினார். ஏசியிருந்தால் அரசியார் தாங்கியிருப்பார். அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க இயலவில்லை.

மறுநாட் காலை வெயிலில் அமர்ந்து, அரசியார் முதன்முறையாகக் கற்களைப் பார்த்தார். உள்ளே பாசியிழை ஓடாத மரகதம் அரிது, குறை குற்றமாகாது, 'விரிசல் உண்டு அக்கா' என்று தம்பி ஒரு வரி எழுதியிருந்தால் அவற்றையே மகள் கழுத்தில் மகிழ்ந்து பூட்டியிருப்பேன் என்று சொல்லி அழுதார். தமக்கை பாரார் என்று அறிந்தே தாங்கள் அனுப்பினீர்கள் என்பதுதான் அவர் நெஞ்சைச் சுட்டது. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். கல்லாற்றில் அது ஆடவில்லை.

கற்களுள் மிகச் சிறியது ஒன்றில் மட்டும் விரிசல் இல்லை. அதனுள்ளே வேப்பங்கொழுந்து போன்றதோர் இழை ஓடியது. அரசியார் அதைப் பார்த்ததும் இன்ன கல்லென்று அறிந்தார். மணமாகிப் புறப்பட்ட நாளில் தம் கழுத்திலிருந்து கழற்றி, தங்கள் கையில் அவர் வைத்த கல் அது. "எந்நாள் இந்த அக்கா உனக்கு வேண்டாதவள் ஆகிறேனோ, அந்நாள் இதைத் திருப்பி அனுப்பு" என்று அவர் சொன்னதும், தாங்கள் அழுததும் தங்களுக்கு நினைவிருக்கக் கூடும். அக்கல்லுக்கு எண்ணெய் தேவையில்லை, அதையும் ஊறவைத்திருந்தீர்கள். அறிந்து அனுப்பியிருந்தால் அது பகை. இன்ன கல்லென்று அறியாமலே அனுப்பியிருந்தால், பகையே மேல் என்கிறார் அரசியார்.

ஆகவே கட்டளையாவது: மற்ற மரகதங்கள் யாவும் இவ்வோலையோடு திரும்புகின்றன. மணம் நிற்கவில்லை, வேளிர் பெருந்தன்மையால் குறித்த நாளில் நடக்கும். தாங்கள் எழுந்தருள வேண்டா. மாமன் அமரும் மணைமேல் அச்சிறு கல் வைக்கப்படும். இளவரசி அதை வணங்கி மாலை ஏற்பாள்.

திருவாய்மொழி கேட்டு எழுதினேன், ஓலைநாயகம் நக்கன் எயினன். இதுகாறும் தங்களுக்குச் சென்ற ஓலைகளில் எல்லாம் அரசியார் தாய்வீட்டு மூங்கில் முத்திரையையே இட்டு வந்தார். இவ்வோலைக்கு, அயல்நாட்டு மன்னருக்கு விடுக்கும் முறைப்படி, மீன் முத்திரை இடப்பட்டது.